மாப்பிள்ளை விற்ற வாஷிங் மெஷின்

பிப்ரவரி 4

மதிப்பிற்கும் கொஞ்சம் சந்தேகத்திற்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

இப்போது நான் எழுதப்போகும் கதையை நீர் நம்பப் போவதில்லை. உம் மனைவியும் என் ஒரே தங்கையுமானவள் நம்பப் போவதில்லை. இனிமேல் பிறக்கப்போகும் என் கொள்ளுப்பேரன்கள்கூட “தாத்தா விட்ட கதை” என்றுதான் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளனாக இத்தனை காலம் மைக்கில் உண்மையைத் தவிர வேறெதுவும் பேசாத இந்த வாயால், அதே மைக்கின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

நீர் எனக்கு விற்ற வாஷிங் மெஷின் நேற்றுக் காலை நடந்தது.

காலாற நடந்தது, மாப்பிள்ளை. துணி பிழிய ஆரம்பித்ததும் முதலில் குளிர் ஜுரம் வந்தவனைப் போல நடுங்கியது. பிறகு தொண்டையைச் செருமியது. அப்புறம் தண்ணீர்க் குழாயை வாலைப் போல இழுத்துக்கொண்டு குளியலறையை விட்டு வெளியே வந்தது. ஹாலில் சோபாவை இடித்துத் தள்ளியது. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நின்று இரண்டு தலைப்புச் செய்திகளைக் கேட்டது. நாட்டு நடப்பு பிடிக்கவில்லை போலும், திரும்பி நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அறையை நோக்கி வந்தது. கண்ணாடிக் கண்ணை உருட்டிக்கொண்டு, வாயில் நுரையோடு வந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் பூகம்பம் என்று நினைத்து நகைப்பெட்டியோடு தெருவில் நின்றார்கள். என் சட்டைப் பொத்தான்கள் எதிர்வீட்டு ஜன்னலில் ஆலங்கட்டி மழையாய் விழுந்தன. கடைசியில் என் மனைவி துடைப்பத்தோடு குறுக்கே பாய்ந்த பிறகுதான் அது நின்றது. துடைப்பத்தைக் கண்டால் நானும் அப்படித்தானே நிற்பேன், அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இதைப் பொருத்தியது வேறு யாரும் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து உம் கையாலேயே நீர் பொருத்தினீர். கடைக்காரர்கள் பொருத்துகிற சாக்கில் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்த நான், “புதுப் பொருளிலிருந்து ஒரு ஆணிகூடக் கழற்றக் கூடாது” என்று உம் தலைமாட்டிலேயே நின்றேன். எனவே குறை என் பக்கம் இல்லை.

உடனே இந்த மிருகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, புதிதாக ஒன்றை உம் சொந்தத் தோளில் சுமந்து வந்து வைக்கவும். போனில் சொல்லியிருப்பேன். நாம் இருவரும் போனில் பேசினால் இரண்டு ஊரும் எழுந்துகொள்கிறது, எழுதித் தொலையுங்கள் என்று என் தங்கை தடை போட்டிருப்பதால் தபாலில் கத்துகிறேன்.

பொறுமை தீர்ந்துகொண்டிருக்கும்,
மச்சான்

*

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைச்சுது. கடையில கூட்டம், அதான் தாமதம்.

வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தேன். மோட்டார் எரிஞ்சா மாத்தித் தரலாம், டிரம் ஓட்டையானா மாத்தித் தரலாம். செய்தி பார்த்தா மாத்தித் தரலாம்னு எங்கேயும் போடலை.

கோவிச்சுக்காதீங்க. போன தடவை நான் கொடுத்த ஃபேன் உங்களைக் கட்டிலோட தூக்கி மொட்டை மாடியில வெச்சுதுன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி அயர்ன் பாக்ஸ் ஒண்ணு உங்க வேட்டியில உலக வரைபடம் போட்டுதுன்னு சொன்னீங்க. ரெண்டு தடவையும் நான் வண்டி கட்டிக்கிட்டு ஓடி வந்தேன். ரெண்டும் நல்லாத்தான் இருந்துது. மூணாவது தடவை வர்றதா இல்லை.

இப்போ ஒரு விஷயம், இதைக் கதையா எடுத்துக்காம காது கொடுத்துக் கேளுங்க. என் கடைக்கு நேர் எதிரே நாலு மாடி ஷோரூம் திறந்திருக்கான். உள்ளே போனா குளிர், வெளியே வந்தா பலூன். அவனுக்கு என் வாஷிங் மெஷின் ஏஜென்சி மேலதான் கண்ணு. கம்பெனி ஏரியா மேனேஜர் இந்த மாசம் வந்து பார்த்துட்டு, ஏஜென்சி எனக்கா அவனுக்கான்னு முடிவு பண்ணப் போறார். பொருத்தினதுல தப்புன்னு ஒரே ஒரு புகார் உறுதியானாலும் கையெழுத்துக் கிடையாது. அது போனா கடையில மிச்சம் இருக்கப் போறது டார்ச் லைட்டும் பல்பும்தான். அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். நீங்க தாய்மாமன். உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், மனசுலயே கிடக்கு. சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவை வந்த அன்னிக்கு, எல்லாரும் காபி குடிக்கும்போது நீங்க என்ன சொன்னீங்க? “என் மாப்பிள்ளை கடை ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஐஸ்கட்டிக்கே வேர்க்கும்”னு சொன்னீங்க. சம்பந்தி சிரிச்சார். அன்னிலேருந்து என்னை எங்கே பார்த்தாலும் கைக்குட்டையை எடுத்து நெத்தியைத் துடைச்சுக்கறார். நான் மறக்கலை.

இப்படிக்கு,
உங்க தங்கச்சி வீட்டுக்காரர்

*

பிப்ரவரி 13

மாப்பிள்ளை என்று எழுதவே கை கூசும் மாப்பிள்ளைக்கு,

நீர் என்னை நம்பவில்லை. நல்லது. நம்பிக்கையற்றவர்களை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பேருந்து வராது என்று நான் மைக்கில் சொல்லியும் நம்பாமல் நிற்பவர்களை வெயில் பார்த்துக்கொள்ளும். உம்மை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் அனுப்பிவிட்டேன். தபால் அலுவலகத்தில் எடை போட்டவர் “உள்ளே என்னங்க, செங்கலா?” என்று கேட்டார். “ஒரு மனிதனின் வீழ்ச்சி” என்றேன்.

அதில் என்ன எழுதினேன் என்று தெரிந்தால் உமக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே சொல்கிறேன். இரண்டாம் நாள் மெஷின் மாடிப்படி ஏறியதை எழுதினேன். எதிர்வீட்டு அழைப்பு மணியை அழுத்தி, அவர்கள் கொடியில் காய்ந்த துணியையும் கேட்டு வாங்கித் துவைத்ததை எழுதினேன். மூன்றாம் நாள் அது தெருவில் இறங்கி, போக்குவரத்துக் காவலர் கையை நீட்டியும் நிற்காமல், நேராக என் பேருந்து நிலையத்துக்கே வந்து தலைநகர் பேருந்தில் ஜன்னலோர இருக்கை பிடித்து உட்கார்ந்ததை எழுதினேன். “வாஷிங் மெஷினை மறந்து விட்டுச்சென்ற பயணி உடனே அறிவிப்பாளர் அறைக்கு வரவும்” என்று நானே மைக்கில் கூப்பிட்டதையும் எழுதினேன். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் உம் கடையின் பெயரை, விலாசத்தோடு, கோடிட்டு எழுதினேன்.

ஏரியா மேனேஜர் வருவார் என்றீரே. வரட்டும். என் புகாரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். ஐஸ்கட்டிக்கு வேர்த்ததா, உமக்கு வேர்த்ததா என்று அன்று பார்க்கலாம்.

பழிதீர்க்கும் உற்சாகத்தில்,
மச்சான்

*

பிப்ரவரி 22

அன்பு மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

இன்னிக்கு நான் ரொம்ப சந்தோஷமா எழுதறேன். பேனாகூட வழுக்கிக்கிட்டு ஓடுது.

ஏரியா மேனேஜர் வந்தார். கையில உங்க புகார். நான் செத்தேன்னு நினைச்சேன். உட்கார்ந்தார், டீ சொன்னேன். “இவர் யாருங்க?”ன்னு கேட்டார். “என் மச்சான்”னேன். “உங்களுக்கு அவர் மேல ஏதாவது கோபமா?”ன்னார். “அவருக்குத்தான் என் மேல”ன்னேன். மனுஷன் அந்தப் பேருந்துக் கட்டத்தைச் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சார். ஜன்னலோர இருக்கைன்னு வந்ததும் டீ மூக்கு வழியா வந்துடுச்சு. வாடிக்கையாளர் ரெண்டு பேர் நின்னு கேட்டாங்க. தலைமை அலுவலகத்துலயும் ஆளாளுக்குப் படிச்சுச் சிரிச்சாங்களாம். புகார் மேல ‘நடவடிக்கை தேவையில்லை’ன்னு போட்டுட்டு, “இப்படிப்பட்ட சொந்தக்காரரை வெச்சுக்கிட்டு இவ்வளவு பொறுமையா வியாபாரம் பண்றீங்களே”ன்னு என் முதுகுல தட்டிக் கொடுத்தார். ஏஜென்சி எனக்கேதான்னு வாய் வார்த்தை கொடுத்துட்டார். கல்யாணத்துக்கு அழைச்சிருக்கேன். வந்து சாப்பிட்டுட்டு அங்கேயே கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கார்.

உங்க வாய்தான் மச்சான் என் கடையைக் காப்பாத்துச்சு. நன்றி.

இப்போ உங்களுக்கு ஒரு சின்னப் பரிசு. மெஷினோட பின்பக்கம் போய்க் குனிஞ்சு பாருங்க. நாலு நீள போல்ட் தெரியும். லாரியில வரும்போது உள்ளே டிரம் ஆடாம இருக்க கம்பெனியில இறுக்கி அனுப்புறது. வீட்டுல வெச்சதும் முதல் வேலையா அதைக் கழட்டணும். கழட்டாம ஓட்டினா டிரம் ஆடறதுக்குப் பதிலா மெஷினே ஆடும், நகரும். அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அன்னிக்கு ஸ்பேனரைக் கையில எடுத்தேன். “ஒரு ஆணிகூடக் கழட்டக் கூடாது, காசு கொடுத்து வாங்கினது”ன்னு நீங்க கத்தினீங்க. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அப்போ அந்த ஐஸ்கட்டி ஞாபகம் வந்துது. ஸ்பேனரைப் பையில போட்டுக்கிட்டு, “சரிங்க மச்சான், உங்க இஷ்டம்”னு வந்துட்டேன். பஸ் ஏறி வீடு வர்ற வரைக்கும் சிரிச்சேன்.

இதை நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. ஜன்னலோரம் உட்கார்ந்த மெஷினைப் பத்தி எழுதின ஆளை இனிமே யார் நம்பப் போறா?

வேர்க்காத,
மாப்பிள்ளை

*

பிப்ரவரி 26

மாப்பிள்ளைக்கு,

மெஷினின் பின்பக்கம் பார்த்தேன். நான்கு போல்ட்டுகள் இருந்தன. கழற்றினேன். துணி போட்டு ஓட்டினேன். மெஷின் நகரவில்லை.

உம் பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறேன். ஏரியா மேனேஜரின் பக்கத்து இருக்கையில் உட்காருவேன். அவரிடம் பின்வருமாறு சொல்வேன்:

“ஐயா, இவை என் மெஷினில் இருந்த போல்ட்டுகள். இவற்றைக் கழற்ற வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரியும். வேண்டுமென்றே கழற்றாமல் போனார். காரணம், என் மேல் கோபம்.”

அவ்வளவுதான். வேறு எதுவும் சேர்க்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தில் பூகம்பம் இல்லை, ஆலங்கட்டி மழை இல்லை என்பதைக் கவனித்தீரா? பேருந்து புறப்படும் நேரத்தை அறிவிப்பது போன்ற குரலில் இதை என் மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “உங்களுக்கு உடம்புக்கு என்ன?” என்றாள். “நான் உண்மை பேசுகிறேன்” என்றேன். உட்கார்ந்துவிட்டாள். “அய்யோ, பாவம் மாப்பிள்ளை” என்றாள்.

இதுவரை நான் உம் மேல் வீசியதெல்லாம் பஞ்சு. இது கல்.

மச்சான்

*

மார்ச் 2

மச்சான், மச்சான், மச்சான்,

கடிதத்தைப் பிரிச்சு ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தேன், மிச்சக் கதை பின்பக்கம் இருக்கும்னு. இல்லை. நீங்க இவ்வளவு சுருக்கமா எழுதி நான் பார்த்ததே இல்லை.

தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஏஜென்சி போனா என் கடை மட்டும் இல்லை, உங்க தங்கச்சி வீட்டு அடுப்பும் போகும். எதிர் ஷோரூம்காரன் என் வாசல்ல வந்து பலூன் கட்டுவான். கல்யாண மண்டபத்துல, பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல நிக்கும்போது, சம்பந்தி முன்னாடி அந்த மனுஷன் எழுந்து போனா என் முகத்தை எங்கே வெச்சுக்கறது? சம்பந்தி கைக்குட்டையை எடுத்தா அப்புறம் நான் பூமிக்குள்ளேயே போயிடுவேன்.

புது மெஷின் தர்றேன். என் தோள்லயே சுமந்துக்கிட்டு வர்றேன். மிக்ஸி வேணுமா, சொல்லுங்க. இஸ்திரிப் பெட்டி? எதுன்னாலும் எடுத்துக்கோங்க, பில் வேண்டாம்.

உங்க தங்கச்சிக்கு இது எதுவும் தெரியாது. தெரிஞ்சா முதல்ல என்னைக் கொல்லுவா. அப்புறம் பஸ் பிடிச்சு வந்து உங்களைக் கொல்லுவா. அதையும் யோசிங்க.

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

மார்ச் 5

மாப்பிள்ளை,

லஞ்சமாக மிக்ஸியா? என் பழிவாங்கல் என்ன, சட்னி அரைக்கவா?

என் தங்கை அடுப்பை அணைக்க எனக்கும் மனமில்லை. ஆகவே ஒரே ஒரு நிபந்தனை. கல்யாண விருந்தில், ஏரியா மேனேஜர், சம்பந்தி, சகல உறவினர்கள் முன்னிலையில் நான் மெஷின் நடந்த கதையை முழுக்கச் சொல்வேன். மாடிப்படி, பேருந்து, ஜன்னலோர இருக்கை எல்லாம் வரும். முடிந்ததும் நீர் எழுந்து நின்று, “மச்சான் சொன்னது அத்தனையும் உண்மை, நான் என் கண்ணால் பார்த்தேன்” என்று சாட்சி சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

ரசீது இல்லாமல் வாய் திறக்காத மனிதர் நீர். உம் வாயிலிருந்து அது வருவதைக் கேட்க வேண்டும். போல்ட்டுகளைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். நீர் எழாவிட்டால் அவை எழும்.

மச்சான்

*

மார்ச் 9

மச்சான்,

பாதிக் கதைக்குச் சாட்சி சொன்னாப் போதுமா? படிக்கட்டு வரைக்கும் சரி. பஸ்ஸை விட்டுடலாமே. இல்லைன்னா ‘கண்ணால பார்த்தேன்’கிறதைக் ‘கேள்விப்பட்டேன்’னு வெச்சுக்கலாமா?

மாட்டீங்கன்னு தெரியும். கேட்காம இருக்க முடியலை, வியாபாரிக் குணம்.

கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் காது சிவந்து போச்சு. ரெண்டாவது நாள் பாதியில இருமல் வந்துது. நேத்து உங்க தங்கச்சி பார்த்துட்டு, “யார்கிட்ட பேசறீங்க?”ன்னு கேட்டா. “நாலு பேருந்து நிலையம் பார்த்த ஒரு வாஷிங் மெஷின்கிட்ட”ன்னு சொன்னேன். எப்படி வாயில வந்துதுன்னு எனக்கே தெரியலை. அவ கிட்ட வந்து கண்ணாடிக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தா.

சாட்சி சொல்றேன். வார்த்தை தவற மாட்டேன். ஆனா ஒண்ணு, எழுந்து நின்னதுக்கு அப்புறம் நான் என்ன பேசணும்னு நீங்க நடுவுல வந்து சொல்லக் கூடாது.

மாப்பிள்ளை

*

மார்ச் 24

துரோகி மாப்பிள்ளைக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மணமக்கள் இருவரும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏரியா மேனேஜர் கையெழுத்துப் போட்டார். வயிறார வாழ்த்துகிறேன். இனி உம்மைத் திட்டலாம்.

நான் என்ன கேட்டேன்? ஒரு வாக்கியம். எழுந்து, சொல்லி, உட்கார வேண்டிய ஒரே ஒரு வாக்கியம். என் கதை பேருந்தில் வந்து நிற்கிறது, கூட்டம் கை தட்டுகிறது, நான் தலை வணங்கி உம்மைப் பார்க்கிறேன். நீர் எழுந்து வந்து, இதுவரை எந்த அதிகாரியும் பிடுங்காத மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினீர். “மச்சான் அடக்கமானவர். பாதியைத்தான் சொன்னார்” என்றீர்.

அந்த மெஷின் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னீர். பொய். அங்கே நட்சத்திர விடுதியில் சலவைப் பிரிவுக்குத் தலைவராக வேலைக்குச் சேர்ந்ததாகச் சொன்னீர். பச்சைப் பொய். நீர் தேடிப்போய்க் கூப்பிட்டபோது, “எங்கே வேண்டுமானாலும் வருகிறேன், அவர் சட்டையை மட்டும் என் வாயில் போடாதீர்கள்” என்று அது நுரை தள்ளத் தள்ள அழுததாகச் சொன்னீர். நான் தினமும் சட்டை மாற்றுகிறவன்! ஏரியா மேனேஜர் தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சம்பந்தி கைக்குட்டையை எடுத்தார், நெற்றிக்கு அல்ல, கண்ணைத் துடைக்க. “இன்னொரு தடவை சொல்லுங்க சம்பந்தி” என்று உம்மைக் கெஞ்சினார். குழந்தைகள் உம் மடியில் ஏறின. என் பக்கத்து இலையில் இருந்தவர் என்னைக் கேட்டார்: “உங்க மாப்பிள்ளை இவ்வளவு நல்லாப் பேசுவாரா? நீங்க ஏன் இத்தனை நாளா அவரைப் பேச விடலை?”

உம்மைப் பொய் சொல்ல வைத்து அவமானப்படுத்த நினைத்தேன். என் நாற்காலியையே தூக்கிக் கொடுத்துவிட்டேன். நேற்றுகூட என் சொந்த ஒன்றுவிட்ட தம்பி போன் செய்து, அந்த விடுதிக் கதையை உம்மிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்கிறான். என்னிடம்! இதற்குப் பழி வாங்காமல் விடப்போவதில்லை. உம் கடையில் ஒவ்வொரு பொருளாக வாங்கி ஒவ்வொன்றாகப் புகார் செய்வேன். டார்ச் லைட்டிலிருந்து ஆரம்பிப்பேன்.

கடைசியாக ஒன்று. நான் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்ததாகச் சொன்னீர். பொய், அது குளியலறையில் கவிழ்த்து வைத்திருந்த வாளி. மெஷின் என் அறைக்குள் நுழைந்ததாகச் சொன்னீர். அதுவும் பொய், குளியலறைக் கதவைத் தாண்டவில்லை, நான்தான் அந்த நேரத்தில் உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். துடைப்பத்தோடு என் மனைவி பாய்ந்தது நான் சொன்ன பொய். அவள் மொட்டை மாடியில் இருந்தாள், வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

பிறகு, அது என்னை மூலையில் நெருக்கியபோது நான் கத்தியதாகச் சொன்னீர். கூட்டத்தை அதிகம் சிரிக்க வைத்தது அதுதான். நீராகக் கற்பனை செய்து சொன்னதுதான். கேட்க அங்கே யாருமே இல்லையே.

அம்மா என்று கத்தவில்லை. கடவுளே என்றும் கத்தவில்லை. நீர் சொன்ன மாதிரியே, “மாப்பிள்ளை!” என்றுதான் கத்தினேன்.

அது மட்டும் உண்மை.

மச்சான்